கைக்காவல் டிக்கட்

உப்பிலியபுரத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வர வேண்டுமானால், துறையூர், புலிவலம், மண்ணச்சநல்லூர் ஆகிய ஊர்களைக் கடந்து, கொள்ளிடத்தையும் காவேரியையும் தாண்டி, நகரத்தின் ஜன நெருக்கத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டு, புதுக்கோட்டைச் சாலையில் மறு கோடிக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவு தூரத்தையும் ஒரே வாரத்தில் மூன்று முறை கடந்து வந்தும் விமானத்தில் ஏறாத ஒரு தம்பதிகளைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத உத்தேசம்.

சென்ற அக்கினி நட்சத்திரத்தின்போது சிங்கப்பூர் செல்லும் பொருட்டு நாம் அந்த நிலையத்துக்குப் போயிருந்தோம். வழக்கம்போல் வெகு முன்னதாகவே போய்விட்டோம். ரயிலடிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிற பழக்கம் உள்ளவர்களுக்கு விமானம் என்றால் நாலு மணி நேரம் முன்னதாகப் போகத் தோன்றுவது இயல்புதானே? 2024-ஆம் வருஷம் ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் உபயோகத்துக்கு வந்த புதிய கட்டடம் அது. ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் வர்ணங்களை முகப்பில் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வியந்துவிட்டு, உள்ளே ஓரிடம் தேடி உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் ஒரு பெரிய பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

"தம்பி, நீங்களும் சிங்கப்பூரா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமாம்."

"நிச்சயமான டிக்கட்டா?"

இந்தக் கேள்வி நம்மைத் திகைக்க வைத்தது. "டிக்கட் என்றால் நிச்சயம்தானே, ஐயா?" என்றோம்.

"அப்படித்தான் நானும் அறுபத்தெட்டு வயசு வரைக்கும் நினைத்துக் கொண்டிருந்தேன்" என்றார் அவர்.

பெரியவர் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகளுக்குச் சிங்கப்பூரில் ஓர் அந்நிய விமானக் கம்பெனியின் காரியாலயத்தில் உத்தியோகம். அவளுக்கு இது தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதான் நம்மவர் வழக்கம். ஆனால் மகளுக்கு நீண்ட லீவு கிடைக்கவில்லை. பெண் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள். காலடியிலிருந்த பையில் பிரசவ லேகியமும், பச்சைமலைத் தேனும், பழம் புடவைகளும் இருந்தன. அந்த அம்மாள் பையின் வாரை ஒரு கையால் பற்றியபடியே உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவேயில்லை.

கம்பெனிச் சிப்பந்தியின் தாய் தந்தையர் என்ற முறையில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இனாம் டிக்கட். நிலையக் கட்டணமும் வரிகளும் கொடுத்தால் போதும். ஆனால் அந்த டிக்கட்டில் ஆசன எண் இல்லை. இடமிருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பலாம். விமான உலகத்தில் இதை 'ஸ்டாண்ட்பை' என்று வழங்குகிறார்கள். அதாவது, ஓரமாக நின்று காத்திருப்பது.

பொன்மலைக்காரருக்கு இது விளங்கவேயில்லை. அவர் கேட்டதில் நியாயமும் உண்டு. ரயில்வே சிப்பந்திக்கு ஐந்து வருஷ சேவைக்குப் பிறகு வருஷத்துக்கு மூன்று பாஸ்கள் உண்டு. அவை தவிர, மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போய் வர நாலு சலுகைச் சீட்டுகளும் உண்டு. பாஸை நீட்டினால் மற்றப் பிரயாணிகளைப் போலவே பர்த் பதிவு செய்து கொள்ளலாம். பதிவு ஊர்ஜிதமாகிவிட்டால் அப்புறம் அந்தப் பர்த் அவருடையதுதான். "எங்கள் பாஸிலே ஏழாம் நம்பர் என்று போட்டிருந்தால், ஜெனரல் மானேஜர் வந்தாலும் ஏழாம் நம்பர் என்னுடையது, தம்பி! இது என்ன பாஸ்?" என்றார்.

விமானக் கம்பெனிகளின் கணக்கு வேறு. விமானத்தில் விற்காமல் போன ஆசனம், கதவைச் சாத்தியதும் ஒரு காசு கூடப் பெறாது. சந்தை கலைந்த பிறகு கூடையில் நிற்கும் கீரையைப் போன்றது அது. அந்தக் கீரையைத்தான் கம்பெனி தன் சிப்பந்திகளுக்கு வழங்குகிறது. கடைசி நிமிஷம் வரையில் பணம் கொடுப்பவர் யாரேனும் வந்தால் அவருக்குத்தான் முதல் பாத்தியதை. சிங்கப்பூர் போன்ற தூரத்துக்குப் புறப்பாட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு கவுண்டர் மூடப்படும்போதுதான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது திட்டமாகத் தெரியும். ஓரமாக நிற்பவர்களுக்கு அப்போதுதான் அழைப்பு வரும். அவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. கம்பெனி வேலையாகப் போகிறவர்கள் முதலில். சொந்தக் காரியமாகச் செல்லும் அக்கம்பெனிச் சிப்பந்திகளும் குடும்பத்தாரும் அடுத்தபடி. பிற கம்பெனிச் சிப்பந்திகள் கடைசியில். ஒரே படியில் நிற்பவர்களைச் சில கம்பெனிகள் சேவைக் காலத்தைக் கொண்டும், சில கம்பெனிகள் யார் முந்தி வந்தார் என்பதைக் கொண்டும் பிரிக்கின்றன.

அன்று பிற்பகல் விமானத்தில் நாலைந்து ஆசனங்கள் காலியாக இருந்தும் தம்மை ஏற்றவில்லை என்பதுதான் பெரியவரின் பெருங்குறை. "இடம் இருக்கிறதாம். ஆனால் ஏற்ற மாட்டார்களாம்!" என்றார். இதில் கவுண்டரில் நின்ற பெண்ணின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. காற்று லேசானால் இறக்கைக்குத் தூக்கும் வலுவும், எஞ்சினுக்கு உந்தும் வலுவும் குறைகின்றன. ஆகையால் அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலில், மார்கழி விடியற்காலையில் எழும்பக்கூடிய அதே பாரத்துடன் விமானத்தை எழுப்ப முடியாமற் போகலாம். அடிவயிற்றில் காய்கறியும் பூவும் வேறு ஏறுகின்றன. திருச்சியிலிருந்து அயல்நாடுகளுக்குப் போகும் சரக்குகளில் அவை முக்கியமானவை. எல்லாவற்றையும் எடை பார்த்து, 'இதற்கு மேல் பாரம் கூடாது' என்று விமானி சொல்லிவிட்டால், காலி ஆசனம் காலியாகவே போகும். பணம் கொடுத்த முருங்கைக்காய்க்கு முன் பணம் கொடுக்காத மாமனார் நிற்க முடியாது!

இவ்வித ஏற்பாடு புதிதன்று. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தாரல்லவா? அதில் வந்தவை தபால் மூட்டைகள். டாட்டா கம்பெனிக்கு வருமானம் தபாலில்தான். மூட்டைகள் ஏறிய பிறகு இடமிருந்தால் ஒரு மனிதரையும் ஏற்றிக் கொள்வார்கள். அவர் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து வர வேண்டும். முழு ஆண்டு ஓடிய 1933-இல் அக்கம்பெனி ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 155 பேர்தான். அந்தக் கராச்சி-சென்னைத் தபால் மார்க்கம் 1938-இல் திருச்சி வழியாகக் கொழும்பு வரையில் நீண்டது. ஆக, நம் தேசத்து ஆகாயப் போக்குவரத்தின் ஆரம்ப நாட்களில் பிரயாணிகள் அனைவருமே 'இடமிருந்தால்' பிரயாணிகள்தான் என்று சொல்லி, பெரியவருக்கு ஆறுதல் கூற முயன்றோம். அவர் அதனால் ஆறுதல் அடைந்ததாகத் தோன்றவில்லை.

இனி, தலைப்பிலுள்ள விஷயத்துக்கு வருவோம்.

விமானக் கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தவர் எவரும் ஒற்றை ஸ்டாண்ட்பை டிக்கட்டை நம்பி வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை. அது கை கொடுக்காவிட்டால் எடுத்துப் பிடிக்க இன்னொன்று வைத்திருப்பார். அதைக் கைக்காவல் டிக்கட் என்று சொல்லலாம். பெரியவரின் மகளும் விவரம் தெரிந்த பெண். பெற்றோர் கையில் அவள் ஒன்றுக்கு இரண்டு கைக்காவல் கொடுத்திருந்தாள்.

முதலாவது, அன்றிரவு சிங்கப்பூர் செல்லும் வேறொரு கம்பெனியின் டிக்கட். நாம் போக இருந்ததும் அதே விமானம். உலகத்து விமானக் கம்பெனிகள் பல தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டு, ஒருவர் சிப்பந்தியை மற்றவர் சொற்பக் கட்டணத்தில் ஏற்றிக் கொள்கின்றனர். 'ஸெட்' கட்டணம் என்று அதற்குப் பெயர். தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். தீபாவளி வந்தாலும், சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஜூன் மாத விடுமுறை வந்தாலும் அது ஏறுவதில்லை. உபயோகிக்காத டிக்கட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பிவிடும். ஆனால் இதுவும் 'இடமிருந்தால்' டிக்கட்தான். அதிலும் அந்தக் கம்பெனியின் சொந்த மனிதர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இரண்டாவது கைக்காவல் விமான டிக்கட்டே அன்று. அன்றிரவு சென்னைக்குப் புறப்படும் ராக்போர்ட் எக்ஸ்பிரஸில், பெரியவருடைய ரயில்வே பாஸின் பேரில் பதிவான இரண்டு பர்த்கள்! திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா முதலிய ஊர்களுக்கு விமானங்கள் இருந்தாலும், ஓர் ஊருக்கு ஒரு நாளில் போகிறவை கை விரல்களுக்குள் அடங்கும். அவை தப்பினால் மறுநாள்தான். சென்னையிலோ முயற்சி செய்து பார்க்க இன்னும் பல விமானங்கள் உண்டு. எல்லாம் கைவிட்டால் இரவோடிரவாகச் சென்னை போய்விடுவது என்று ஏற்பாடு. தான் உழைத்த ரயில்தான் கடைசியில் துணை நிற்கும் என்பதில் பெரியவருக்கு உள்ளூரப் பெருமை.

கொழும்பு வழியாகச் சுற்றிப் போகலாமே என்று கேட்டோம். மகள் அதை யோசித்து வேண்டாமென்று விட்டாளாம். அவள் செய்தது சரி. ஸ்டாண்ட்பை பிரயாணி நடு வழியில் அந்நிய நாட்டில் நின்றுவிட்டால், அடுத்த விமானம் வரும் வரையில் அந்த நாட்டுக்குள் நுழையவும் அனுமதி வேண்டும். தங்கவும் பணம் வேண்டும். உறுதியான டிக்கட் வைத்திருப்பவருக்குச் சில சமயங்களில் கம்பெனியே ஹோட்டல் கொடுக்கும். இவர்களுக்குக் கொடுக்காது. முன்பின் விமானம் ஏறியிராத கிராமத்துப் பெற்றோரை அப்படி அனுப்பத் துணியலாகாது.

மூன்றாவது வகைக் கைக்காவல் ஒன்றும் சில சிப்பந்திகளிடையே வழக்கத்தில் இருக்கிறது. ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கூடிய உறுதி டிக்கட்டை முழு விலைக்கு வாங்கி வைத்துக் கொள்வார்கள். இனாமில் இடம் கிடைத்துவிட்டால் அந்தக் கணமே அதை ரத்து செய்துவிடுவார்கள். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் நமக்கு இது முழுச் சம்மதமில்லை. ஸெட் டிக்கட் வெறும் மனுவைப் போன்றது. ஓர் ஆசனத்தையும் பிடித்து வைப்பதில்லை. உறுதி டிக்கட்டோ ஆசனத்தைப் பிடித்து வைக்கிறது. இரண்டு பேருக்கு இரண்டு விமானங்களில் பிடித்து வைத்தால் நாலு ஆசனங்கள். கடைசி நிமிஷத்தில் அவற்றை விடுதலை செய்தால் அதற்குள் அந்த இடத்துக்கு வந்து 'இல்லை' என்று கேட்டுத் திரும்பிப் போனவர் யாரோ? அவர் வீட்டிலும் ஒரு பிரசவம் இருந்திருக்கலாம். ஒரே பெயரில் இவ்விதம் இரட்டைப் பதிவு தென்பட்டால் கம்பெனிகள் தாமாகவே ரத்து செய்வதும் உண்டு. ஒன்று வாங்கி வைத்துக் கொள்வது விவேகம். நாலு வாங்கி வைத்துக் கொள்வது பேராசை என்பது நம் அபிப்பிராயம்.

"இந்தத் தடவை மட்டும் பணம் கொடுத்தே வாங்கியிருக்கலாமே, ஐயா?" என்று மெதுவாகக் கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை அதைத்தான் சொன்னார். முதல் நாள் வந்தோம். இரண்டு பேர் வித்தியாசத்தில் தப்பிப் போயிற்று. நாளைக்கு நிச்சயம் என்றார்கள். இரண்டாம் நாளும் வந்தோம். இதற்குள் டிக்கட் விலை ஏறிவிட்டது. இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு இப்போது இரட்டிப்பு விலை கொடுப்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. டாக்டர் இனி எந்த நாளும் ஆகலாம் என்று சொல்லிவிட்டாராம்" என்றார்.

இதுதான் இந்த இனாம் டிக்கட்டிலுள்ள பொல்லாத குணம். முதல் நாளே 'இல்லை' என்று திட்டமாகச் சொல்லிவிட்டால் மனிதர் வேறு வழி பார்ப்பார். இது 'இல்லை' என்று சொல்வதில்லை. 'நாளைக்கு' என்று சொல்கிறது. பிரசவத்துக்கும், மரணத்துக்கும், முகூர்த்தத்துக்கும் நாளைக்கு என்ற பேச்சுக் கிடையாது. உல்லாசப் பிரயாணத்துக்கு ஸ்டாண்ட்பை மெத்தச் சரி. இப்படிப்பட்ட காரியத்துக்கு வேறு செலவைக் குறைத்தாவது உறுதி டிக்கட் வாங்கியிருக்க வேண்டும் என்றே நாம் நினைத்தோம். ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வெளியே சொல்லவில்லை.

பணம் கொடுத்தவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் சர்க்கார் விதிகளிலும் தெரிகிறது. நம் நாட்டில், உறுதி டிக்கட் உள்ளவர் நேரத்துக்கு வந்தும் அளவுக்கு மீறி விற்றதால் இடமில்லை என்று கம்பெனி மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் ஏற்பாடு செய்யாத பட்சத்தில், விமானப் போக்குவரத்து டைரக்டரேட்டின் விதிப்படி நஷ்டஈடு உண்டு. தாமதத்துக்குத் தக்கபடி 10,000 ரூபாய் அல்லது 20,000 ரூபாய் வரையில் அது போகும். ஓரமாக நிற்பவருக்கு இதெல்லாம் இல்லை. அவர் உரிமை கேட்பவர் அல்லர். கொடுத்தால் வாங்கிக் கொள்பவர்.

சிலர் இதைக் குழப்பிக் கொள்கிறார்கள். 2017-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில், டிக்கட் வாங்கி ஆசனத்திலும் அமர்ந்துவிட்ட டாக்டர் டேவிட் டாவோ என்பவரைப் பலவந்தமாக இழுத்துக் கொண்டு போனார்களே, அது சிப்பந்திகளின் இனாம் பிரயாணத்துக்காக அல்ல. மறுநாள் வேறோர் ஊரில் விமானம் ஓட்டிச் செல்ல வேண்டிய நாலு சிப்பந்திகளுக்கு இடம் செய்வதற்காக நடந்தது. அவர்கள் கடமையின் மேல் போகிறவர்கள். சொந்தக் காரியமாகப் போகும் சிப்பந்திக்காகப் பணம் கொடுத்தவரை எழுப்பும் வழக்கம் இல்லை.

அதே கம்பெனி அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான் டென்வர் நகரத்தில், சிப்பந்தியின் பாஸில் வந்த இரண்டு சிறுமிகளை, உடலை ஒட்டிய காற்சட்டை அணிந்திருந்தார்கள் என்பதற்காக ஏற்ற மறுத்தது. பாஸில் போகிறவர்கள் கம்பெனியின் பிரதிநிதிகளாகையால் உடை ஒழுங்கு வேண்டுமாம். இந்தக் கதை சிங்கப்பூர் மகளின் காதிலும் எட்டியிருக்க வேண்டும். "அப்பா, வேட்டி வேண்டாம், பாண்ட் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். வெயிலில், பழக்கமில்லாத இறுக்கமான பாண்டில் பெரியவர் நெளிந்து கொண்டிருந்தார். வெளுத்து மடித்த எட்டு முழ வேட்டி எந்த விதத்தில் ஒழுங்கீனமான உடை? மகள் தேவைக்கு மேல் பயந்துவிட்டாள் என்பதே நம் துணிபு.

இன்னொரு விஷயம். இந்தச் சலுகை, கம்பெனி உள்ள மட்டுந்தான். 2019-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் நின்றபோது, ஆயிரக்கணக்கான சிப்பந்திகளுக்குச் சம்பளம் மட்டுமா போயிற்று? கையிலிருந்த பாஸும் வெறும் காகிதமாகிவிட்டது. தாய் தந்தையரை இனாமாக அழைத்துப் போவதென்று நாள் பார்த்து வைத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

மாலை போய் இரவாயிற்று. நம் விமானத்துக்குக் கவுண்டர் திறந்தது. நம் பெட்டியைக் கொடுத்து ஆசனச் சீட்டைப் பெற்றுக் கொண்டோம். உடனே உள்ளே போயிருக்கலாம். ஏனோ போக மனம் வரவில்லை. தம்பதிகள் கவுண்டருக்குச் சற்று ஒதுங்கி, யார் கண்ணையும் பாராமல் நின்றார்கள். பாஸில் போகிறவர்கள் சத்தம் போடக் கூடாது, வற்புறுத்தக் கூடாது, மற்றப் பிரயாணிகளிடம் முறையிடக் கூடாது என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாளாம். வரிசையில் ஒவ்வொருவராக வந்து சீட்டு வாங்கிக் கொண்டு போகப் போக, பெரியவர் வாய்க்குள் எண்ணிக் கொண்டே இருந்தார்.

கவுண்டர் மூடும் நேரம். அந்தப் பெண் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரே ஓர் இடந்தான் இருக்கிறது. ஒருவர் போகலாம். சேர்ந்துதான் போக வேண்டுமென்றால் இரண்டு பெயரையும் எடுத்து விடுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். துறையூருக்கு அப்பால் தனியாகப் போயறியாத அம்மாள் அவர். காலையிலிருந்து நம் காதில் விழ ஒரு வார்த்தை பேசாதவர், "ஏங்க, நான் போறேன்" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கும். இருவருக்கும் ஒரே பை. லேகியத்தையும் தேனையும் கையோடு எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். கசிகிற பண்டம் எதுவானாலும் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் விமானத்துக்குள் கூடாது. ஆகவே பை அம்மாளின் பெயரில் சரக்கறைக்குப் போக வேண்டும். பெரியவர் அங்கேயே தரையில் முழந்தாளிட்டுப் பையைத் திறந்து, தம்முடைய இரண்டு வேட்டிகளையும் ஒரு சட்டையையும் உருவிக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டார். அம்மாள் ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தேடி எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார். "ராத்திரி சாப்பிடாமல் இருந்துவிடாதீங்க" என்று சொன்னார். பை தராசில் ஏறிப் போயிற்று.

"தம்பி, கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார் பெரியவர் நம்மிடம்.

குடியேற்றச் சோதனையிலும், பாதுகாப்புச் சோதனையிலும் அம்மாளுக்கு முன்னால் நாம் சென்றோம். விமானத்தில் அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் நடு ஆசனம். நாலு மணி நேரமும் தூங்காமல், முன்னிருக்கையின் முதுகைப் பார்த்தபடியே வந்தார். சாங்கியில் பை வந்து சேர்ந்ததும் முதலில் அதை முகர்ந்து பார்த்தார். லேகியம் கொட்டவில்லை. வெளியே நிறைமாதத்து மகள், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தாள்.

பின்னால் நடந்ததை மாப்பிள்ளை டெலிபோனில் சொல்லத் தெரிந்து கொண்டோம். பெரியவர் அன்றிரவே ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு பர்த்களில் ஒன்றை டிக்கட் பரிசோதகரிடம் சொல்லி இடமில்லாத ஒருவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டுச் சென்னை போனாராம். அங்கே தங்கை வீட்டில் தங்கி மூன்று நாள் முயன்றும் இடம் கிடைக்கவில்லை. நாலாம் நாள் கிடைத்தது. பேரன் பிறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. ரயிலில் காப்பி கொட்டி அந்தப் பாண்ட் பாழாய்ப் போய்விட்டதாம். ஆகையால் வேட்டியில்தான் வந்து இறங்கினாராம்.